பிரேக் பிடித்து நிற்கும் மோரிஸ் மைனர்: டிரம்மைக் கழற்றுவது முதல் ஏர் எடுப்பது வரை

ஒரு மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற பழைய காரைத் தள்ளிப் பாருங்கள். மூன்று சக்கரம் உருளும், ஒன்று மட்டும் தரையில் இழுபட்டுக் கோடு போடும். இதற்கு நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்து, முதல் கியரும் ரிவர்ஸுமாக மாற்றி மாற்றிப் போட்டு, கிளட்சைப் படக்கென்று விடுவார்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், சக்கரம் சுற்றும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தச் சத்தம் ஷூவிலிருந்து (டிரம்மின் உட்புறத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த தகடு) லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) பெயர்ந்த சத்தமாக இருக்கலாம். பின்சக்கரமாக இருந்தால் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்த சத்தமாகவும் இருக்கலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிரேக் ஏன் பிடித்தது என்று தெரியாமல் விடுவித்த வண்டி, அடுத்த வாரம் மேம்பாலத்தில் மறுபடி பிடிக்கும்.

இந்தக் கட்டுரையை மோரிஸ் மைனரை வைத்து எழுதுகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வந்த கார். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. நான்கு சக்கரத்திலும் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற பாகம்), லாக்ஹீட் நிறுவனத்தின் ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்த பிரேக். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டுகிற மாதிரி அமைந்த வண்டி என்பதால் பிரேக் வேலை பழக இதைவிட நல்ல கார் கிடையாது. அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதுதான். அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இருக்கும் இடமும் டிரம் கழலும் விதமும் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால், எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

கீழே உட்கார்ந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதிக் காரணம் தெரிந்துவிடும். பின்சக்கரம் இரண்டும் பிடித்து முன்சக்கரம் சுதந்திரமாக இருந்தால், முதல் சந்தேகம் ஹேண்ட் பிரேக் மேல். கேபிள் உறைக்குள் துரு ஏறி, கைப்பிடியை இறக்கினாலும் கேபிள் திரும்பி வராது. மைனரில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேபிள். கைப்பிடியின் அடியில், காருக்குள்ளேயே இரண்டு அட்ஜஸ்டிங் நட்டுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் கோளாறு கேபிளிலோ, கேபிள் போய்ச் சேரும் லீவரிலோ இருக்கிறது.

நான்கு சக்கரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வண்டி ஓட ஓடக் கனமாகிறது, அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். மிதியை மிதித்ததும் பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதான். மிதியை முழுக்க விட்ட நிலையில் புஷ் ராடுக்கும் (மிதியின் அசைவைக் கடத்தும் கம்பி) பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும், ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவாக. அது இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வரும் சின்னத் துளையை ரப்பர் கப் மூடியே வைத்திருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் ஷூக்களைத் தானே தள்ளும். மிதியின் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

ஒரே ஒரு சக்கரம் பிடித்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பின்னால் இருக்கும் பிளீடர் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) ஒரு டியூப் மாட்டி, அரைச் சுற்றுத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். முன்சக்கரத்தில் இதற்குப் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். வெளியே புத்தம் புதிது போலத் தெரியும். உள்ளே ரப்பர் உப்பித் துளை அடைபட்டிருக்கும். நம் கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், ஸ்பிரிங் பலத்தில் திரும்ப வர முடியாது. நிப்பிளைத் திறந்தும் அசையவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்: லைனிங் துருவோடு ஒட்டியிருக்கிறது, அல்லது ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகியிருக்கிறது.

நிப்பிளைத் திறக்க ஒரு எச்சரிக்கை. பல வருடம் தொடாத நிப்பிள் கழுத்தில் முறியும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஆறு முனை ரிங் ஸ்பேனரோ பாக்ஸோ மட்டும் போடுங்கள், ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம்.

வண்டியைத் தூக்குவது

சமதளமான சிமென்ட் தரை வேண்டும். வேலை செய்யாத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை நம்பியோ செங்கல் அடுக்கியோ வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. டிரம் வேலையில் தட்டுவோம், இழுப்போம், உலுக்குவோம். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்முக்குள் சேர்ந்திருக்கும் கறுப்புத் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. கம்ப்ரசர் வைத்து ஊதுவது, துணியால் தட்டுவது, பழைய பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்ப்பது எதுவும் கூடாது. நல்ல மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியே துடையுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் குழந்தைகள் விளையாட வேண்டாம்.

டிரம்மை விடுவிப்பது

இங்கேதான் பொறுமை தேவைப்படும். சக்கரத்தைக் கழற்றுங்கள். மைனரின் டிரம்மை இரண்டு சின்னத் திருகுகள் பிடித்திருக்கும். தலை டிரம்மோடு சமமாகப் பதிந்திருப்பதால் துருவில் இறுகிக் கிடக்கும். பள்ளத்தைக் கூரான ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் விடுங்கள். பள்ளம் முழுக்க நிறைகிற அகலமான ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நறுக்கென்று இரண்டு அடி போட்டுவிட்டுத் திருப்புங்கள். அந்த அதிர்ச்சியிலேயே பாதித் திருகுகள் இளகிவிடும். அசையாவிட்டால் இம்பாக்ட் டிரைவர், அதாவது சுத்தியலால் அடிக்கும்போதே திருகும் டிரைவர். பள்ளம் தேய்ந்து போன பிறகு டிரில் போட்டு எடுப்பது பெரிய வேலை, அதனால் முதல் முயற்சியிலேயே சரியான அளவு டிரைவரைத் தேடி எடுங்கள்.

அடுத்து அட்ஜஸ்டர். டிரம்மின் முகத்தில் ஒரு துளை இருக்கும். டிரம்மைச் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தால், துளைக்குள் ஒரு திருகுத் தலை வந்து நிற்கும். அதை இடப்பக்கம் திருப்பினால் ஷூ உள்ளே போகும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். பின்சக்கரத்தில் ஒரு அட்ஜஸ்டர். முன்சக்கரத்தில் இரண்டு, ஏனென்றால் அங்கே இரண்டு சிலிண்டர், ஒவ்வொரு ஷூவுக்கும் ஒன்று. ஆனால் டிரம்மே சுற்றாதபோது துளை அட்ஜஸ்டருக்கு நேராக வராதே? வராது. அப்படியானால் முதலில் ஒட்டியதைப் பிரித்தாக வேண்டும்.

டிரம்மின் நடுவில், ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) சேரும் வளையத்தில் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் டிரம்மின் முகத்தில் மரக்கட்டையை வைத்து, கட்டையின் மேல் சுத்தியலால் தட்டுங்கள். ஓரிடத்தில் ஓங்கி அடிக்காமல், சுற்றிச் சுற்றி வந்து அளவான அடியாகத் தட்ட வேண்டும். டிரம் வார்ப்பிரும்பு. விளிம்பில் இரும்புச் சுத்தியல் பட்டால் ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வரும். நாம் விலக்க வேண்டியது லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே முளைத்த மெல்லிய துருவை மட்டும்தான். அதற்கு அதிர்வு போதும். நன்றாகத் தட்டிய பிறகு சக்கரத்தை மறுபடி மாட்டி நட்டுகளை இறுக்கி, டயரை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் உலுக்குங்கள். டயரின் விட்டம் பெரியது என்பதால் நெம்பு பலம் அதிகம். "கிறீச்" என்று சின்னச் சத்தத்தோடு ஒரு விரற்கடை நகரும். அந்த ஒரு விரற்கடை கிடைத்தால் மீதி தானே வரும்.

டிரம் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால், உள்விளிம்பில் தேய்மானத்தால் ஒரு வரம்பு எழும்பி ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது துளை கிடைத்துவிட்டதே, அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, டிரம்மை இரு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்து இழுங்கள். கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டும் பழக்கம் சில ஒர்க் ஷாப்களில் உண்டு. பக்கத்திலேயே ரப்பர் ஹோஸும் தீப்பிடிக்கும் திரவமும் இருக்கும்போது எனக்கு அதில் சம்மதமே இல்லை.

உள்ளே பார்ப்பது

டிரம் கழன்றதும் கையை வைக்காமல் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்த ஷூவின் எந்த முனை மேலே என்று நாளைக்குக் கேள்வி வரும். இதனாலேயே ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் மாதிரிக்கு இருக்கட்டும்.

லைனிங்கில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, உள்ளே ஊறியது வராது. ஷூவை மாற்றுங்கள், அதே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து. பின்பக்கம் கியர் ஆயில் வாசனை அடித்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஷூ போடாதீர்கள். ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டாலும் மாற்ற வேண்டும். டிரம்மின் உட்புறம் லேசான துரு என்றால் எமரி ஷீட் போதும். விரல் நகம் மாட்டுகிற அளவு கோடுகள் இருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும், இதுவும் ஜோடியாக. புது உதிரி வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்: பழைய மைனரில் நான்கும் 7 அங்குல டிரம், 1962-ல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன்பக்கம் 8 அங்குலமானது. நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பல, காலப்போக்கில் வேறு வண்டியின் பாகம் மாறியவை. வருடத்தைச் சொல்லி ஆர்டர் கொடுக்காமல் டிரம்மை அளந்து கொடுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுதான் வேகமான வழி. அங்கே கிடைக்காதது இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும். மைனரின் பிரேக் பாகங்கள் அங்கே இன்னும் புதிதாகத் தயாராகின்றன.

வீல் சிலிண்டர்: உண்மையான குற்றவாளி

டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் உண்மையில் எண்ணெயே அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் கிளைகால் திரவங்கள். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், நம் கோளாறுக்குக் காரணம் அந்தத் தண்ணீர்தான். அது சிலிண்டரின் இரும்புச் சுவரில் துருவாகிறது. ஓடாமல் நிற்கும் வண்டியில் பிஸ்டன் அந்த இடத்திலேயே ஒட்டிவிடுகிறது. கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஷூக்களைக் கழற்ற, ஒரு முனையை நெம்பிப் பள்ளத்திலிருந்து வெளியே இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்து இரண்டும் வந்துவிடும். சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் லீக். உலர்ந்த பழுப்புத் தூள் இருந்தால் துரு. பிஸ்டனைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நல்ல பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

போகாத பிஸ்டனை வெளியே எடுக்க எளிய வழி, பைப்பைக் கழற்றுவதற்கு முன்பே பிரேக் மிதியை மெதுவாக மிதிப்பது. அடியில் ஒரு டப்பாவும் முன்னால் கனமான துணியும் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் அழுத்தமே பிஸ்டனைத் தள்ளிவிடும். மற்ற சக்கரங்களில் டிரம் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே உள்ள பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

வெளியே எடுத்த சிலிண்டரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் என்றால் 600 நம்பர் உப்புத்தாளை பிரேக் ஆயிலில் நனைத்து, வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால், அது குண்டூசித் தலை அளவே இருந்தாலும், தூக்கிப் போடுங்கள். புது ரப்பர் கப் அந்தக் குழியில் உரசி உரசிச் சில மாதங்களில் கிழிந்துவிடும். புதிது கிடைக்காத சிலிண்டருக்கு லேத்தில் ஸ்லீவ் போடலாம். வேலை தெரிந்த கைக்கு மட்டும் கொடுங்கள்.

இப்போது இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாக நினைப்பது. சிலிண்டர், பிஸ்டன், கப் எதையும் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். கிரீஸ் தடவாதீர்கள். நம் ஒர்க் ஷாப்களில் ஒரு தட்டில் டீசல் ஊற்றி எல்லாச் சாமானையும் அதிலேயே கழுவுவது வழக்கம். எஞ்சின் சாமானுக்கு அது சரி. பிரேக் ரப்பர் கிளைகால் திரவத்துக்காகச் செய்தது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பும். உப்பிய கப் சிலிண்டருக்குள் இறுகும், பிரேக் மறுபடி பிடிக்கும். புது கிட் போட்டும் பத்து நாளில் அதே கோளாறு என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். கழுவ மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில், வேறொன்றும் வேண்டாம். மாட்டும்போது கப்பையும் பிஸ்டனையும் புது பிரேக் ஆயிலில் தோய்த்து, கப்பின் உதடு ஆயில் வரும் பக்கம் பார்க்கும்படி உள்ளே விடுங்கள். உதடு மடங்காமல் விரலாலேயே நுழையுங்கள்.

ஹோஸ்களின் வயது தெரியாவிட்டால் மூன்றையும் மாற்றிவிடுங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஆக்சிலுக்குப் போவது ஒன்று. புது ஹோஸுக்குப் புதுக் காப்பர் வாஷர். மாட்டியதும் ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் எங்கும் உரசவில்லை, முறுக்கவில்லை என்று பாருங்கள்.

திரும்ப மாட்டுவது

பேக் பிளேட்டில் (ஷூக்களைத் தாங்கும் பின்தகடு) ஷூ உரசும் மேடுகளிலும், ஷூவின் முனைகளிலும், அட்ஜஸ்டரிலும் பிரேக்குக்கென்று விற்கும் சூடு தாங்கும் கிரீஸை நகக்கண் அளவு தடவுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ரப்பர் உறையில் படவே கூடாது. ஸ்பிரிங்குகள் ஷூவுக்கும் பேக் பிளேட்டுக்கும் நடுவே போக வேண்டும். கிரீஸ் கையோடு லைனிங்கைத் தொடாதீர்கள். பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் லீவர் தடையில்லாமல் போய்த் திரும்புகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு டிரம்மை மாட்டுங்கள்.

அட்ஜஸ்டரை வலப்பக்கம் திருப்பி, டிரம் சுற்றாத அளவு இறுக்குங்கள். பிறகு ஒரு கிளிக் பின்னால். டிரம் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். மிக லேசான உரசல் சத்தம் பரவாயில்லை. பின்சக்கரம் இரண்டையும் இப்படிச் செட் செய்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளை இழுக்க வேண்டும். முதலில் கேபிளை இறுக்கி, பிறகு ஷூவைச் செட் செய்தால் கேபிள் ஷூவைப் பிடித்தபடியே இருக்கும்.

ஏர் எடுப்பது

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே சேஸிக்குள் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால் மூடித் தகடு தெரியும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணை முழுக்கத் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் இவ்வளவு வேலையும் வீண். மூடி திறந்திருக்கும்போது ஒருவரை மிதியை லேசாக மிதித்து விடச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் மெல்லக் கொப்பளித்தால் ரிட்டர்ன் துளை திறந்திருக்கிறது. இந்த மாஸ்டர் சிலிண்டரையே கழற்ற வேண்டிய நிலை வந்தால் முதல் முறை செய்பவர்கள் தனியாக இறங்க வேண்டாம். அதன் போல்ட்டுகளுக்கு வழிமறித்து டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) இருக்கிறது. அதை நகர்த்த அனுபவசாலி ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் பைப்புக்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். தூரத்துச் சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். கீழே இருப்பவர் "மிதிங்கண்ணா" என்றதும் மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து, "மிதிச்சாச்சு" என்று சொல்லி, காலை எடுக்காமல் நிற்க வேண்டும். நிப்பிளைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடி, "விடுங்க" என்று சொன்ன பிறகே கால் எழ வேண்டும். இந்த வாய்ச்சொல் முறை தவறினால் வெளியே போன ஏர் திரும்ப உள்ளே வரும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை மாஸ்டர் சிலிண்டரை நிரப்புங்கள். குமிழியும் பழுப்பு நிறமும் நின்று, தெளிந்த ஆயில் வரும் வரை விடுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது. திறந்து பல நாள் வைத்த பாட்டிலையும் பயன்படுத்தாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ லீக். இறங்காமல் நின்றால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் திரும்பி வந்து அட்ஜஸ்டரைப் பாருங்கள். இழுக்காவிட்டால் பிரேக்கை அதிகம் தொடாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டு போங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி, பின்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரம் இன்னும் உரசுகிறது.

புது லைனிங் டிரம்மோடு படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை முன்வண்டியிடமிருந்து தள்ளியே ஓட்டுங்கள். பிறகு ஒருமுறை அட்ஜஸ்டரைத் தொட வேண்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு வண்டியை மூடி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நிறுத்தும் முன் தெருவில் ஒரு சுற்று ஓட்டி நாலு முறை பிரேக் அடித்தால் டிரம்முக்குள் இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, வண்டியை நாலு அடி முன்னும் பின்னும் உருட்டி, மிதியை இருபது முறை மிதித்து விடுங்கள்.